செயற்கைப் புல் தண்ணியை வடிக்காது: எங்க வீட்டுக் களிமண் கத்துக்கொடுத்த கணக்கு



கொஞ்ச நாள் முன்னாடி சேனல்ல வீட்டு வேலைகளுக்கு பட்ஜெட் போடறது எப்படின்னு ஒரு வீடியோ போட்டிருந்தேன். அதுல போற போக்குல, "ஆர்ட்டிஃபிஷியல் கிராஸ் விஷயத்துல நானே கோட்டை விட்டேன், அதை இன்னொரு நாள் சொல்றேன்"னு சொல்லிட்டு நகர்ந்துட்டேன். அதுக்கப்புறம் வந்த கேள்விகள்ல பாதி அதைப் பத்திதான். பலரும் கேட்டது ஒரே கேள்வி: "எங்க வீட்டுப் பின்பக்கம் களிமண். மழை பெய்ஞ்சா நாலு நாள் தண்ணி நிக்குது. செயற்கைப் புல் போட்டா சரியாகிடுமா?"

ஆகாது. இதுதான் என் பதில். செயற்கைப் புல் கெட்ட பொருள் இல்லை. ஆனா அது தரைக்கு மேல விரிக்கிற விரிப்பு. உங்க பிரச்சனை தரைக்குக் கீழ இருக்கு. மேல போடற காசு கீழ இருக்கிற பிரச்சனையைத் தீர்க்காது. இதை நான் ஒரு சிஏ-வா இருந்தும், பில் வந்தப்புறம்தான் புரிஞ்சுகிட்டேன்.

எங்க வீட்டுக் கதை

என் அப்பா அம்மா இருக்கிறது சென்னை மடிப்பாக்கத்துல. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் பக்கம். ஒரு காலத்துல ஏரியும் வயலுமா இருந்த பகுதி. ரெண்டடி தோண்டினா கருப்பா, பிசுபிசுன்னு களிமண் வரும். கோடையில கை நுழையற அளவுக்கு வெடிச்சிருக்கும். ஐப்பசி வந்தா குழம்பாகிடும்.

வீட்டுப் பின்பக்கம் 25 அடிக்கு 20 அடி, அதாவது 500 சதுர அடி காலி இடம். துவைக்கிற கல், துணி காயப்போடற கொடி, ஒரு கறிவேப்பிலை மரம், ஒரு பழைய கிணறு. மழைக்காலம் வந்தா அம்மா அங்க போகவே முடியாது. சேறும் பாசியுமா வழுக்கும்.

2022 ஜூன்ல நான்தான் முடிவெடுத்தேன். "பச்சையா புல் விரிச்சிடலாம், சேறும் இருக்காது, பேத்தி விளையாடலாம்." வந்தவர் சாம்பிளைக் காட்டி, பின்பக்கம் இருக்கிற ஓட்டைகள் வழியா தண்ணியை ஊத்திக் காட்டினார். விர்ருன்னு இறங்குச்சு. எனக்கு அது போதுமா இருந்துச்சு.

புல் விரிப்பு 35,000 ரூபாய். அடியில ஒரு இஞ்ச் எம்-சாண்ட் 7,000. ஒட்டு வேலை, கூலி 6,000. மொத்தம் 48,000. ரெண்டே நாள்ல வேலை முடிஞ்சது. போட்டோ எடுத்து சொந்தக்காரங்க குரூப்ல எல்லாம் போட்டேன்.

நவம்பர் மழை வந்துச்சு. மேல இருந்து பார்த்தா எல்லாம் பச்சையாதான் இருந்துச்சு. அம்மா சொன்னாங்க, "ஏன்டா, பார்த்தா காஞ்ச மாதிரி இருக்கு, கால வெச்சா சொதசொதன்னு உள்ள போகுதே." அடியில இருந்த எம்-சாண்ட் ஒரு பக்கமா நகர்ந்து, அங்கங்க மேடும் பள்ளமும். ஒரு வாரத்துல நாத்தம் ஆரம்பிச்சது. மூணாவது வாரம், துணி எடுக்கப் போன அம்மா அந்தப் பள்ளத்துல கால் மடங்கி விழுந்தாங்க. வலது மணிக்கட்டு எலும்புல விரிசல். ஆறு வாரம் கட்டு.

முன்னாடி சேறு கண்ணுக்குத் தெரியும், அம்மா அந்தப் பக்கம் போகமாட்டாங்க. நான் 48,000 ரூபாய் செலவு பண்ணி அந்தச் சேத்தை மறைச்சு வெச்சேன். அவ்வளவுதான் நான் பண்ணின வேலை.

ஆஸ்பத்திரி, எக்ஸ்ரே, கட்டு, பிசியோதெரபி எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய். அட்மிட் ஆகாம வெளிநோயாளியா பார்த்ததால ஹெல்த் இன்சூரன்ஸ்ல ஒரு ரூபாய்கூட வரலை. நம்மில் பெரும்பாலானவங்ககிட்ட இருக்கிற பாலிசி, ஆஸ்பத்திரியில படுத்தாதான் பணம் கொடுக்கும். வெளிநோயாளி செலவுக்கு தனியா கவர் எடுத்திருக்கணும். இதையும் ஒரு ஓரமா குறிச்சு வெச்சுக்கோங்க.

கணக்கு எங்க தப்பாச்சு?

ஃபில்டர் காபி போடறவங்களுக்கு இது உடனே புரியும். ஃபில்டரோட மேல் டப்பாவுல எத்தனை ஓட்டை இருந்தா என்ன? கீழ் டப்பா ஏற்கனவே நிறைஞ்சிருந்தா டிகாஷன் எங்க இறங்கும்? புல் விரிப்புல இருக்கிற ஓட்டை, மேல் டப்பாவோட ஓட்டை. களிமண்தான் கீழ் டப்பா. விக்கிறவர் சொல்ற "வடியும் வேகம்" அந்த விரிப்போட வேகம். உங்க மண்ணோட வேகம் இல்லை.

இப்ப நம்பரைப் பாருங்க. களிமண் ஒரு மணி நேரத்துக்கு 1-லிருந்து 5 மில்லிமீட்டர் தண்ணியைத்தான் உள்ள வாங்கும். மணல்னா 30 மில்லிமீட்டருக்கு மேல வாங்கும்.

ஒரு சதுர மீட்டர்ல ஒரு மில்லிமீட்டர் மழை பெய்ஞ்சா அது ஒரு லிட்டர். எங்க 500 சதுர அடி, சுமாரா 46.5 சதுர மீட்டர். 100 மில்லிமீட்டர் மழை, சென்னையில நல்ல மழை நாள்ல சாதாரணமா வரக்கூடியது. அப்போ 4,650 லிட்டர். இதோட முடியலை. மொட்டை மாடியோட பின்பாதி, அதுவும் 500 சதுர அடி. அந்தத் தண்ணியும் ரெண்டு பைப் வழியா இதே இடத்துலதான் கொட்டிட்டு இருந்துச்சு. இன்னொரு 4,650. மொத்தம் 9,300 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணி லாரி வாங்கியிருப்பீங்க இல்லையா, அதுல முக்கால் லாரிக்கும் மேல.

களிமண் மணிக்கு 3 மில்லிமீட்டர் வாங்குதுன்னு வெச்சுக்குவோம். 46.5 சதுர மீட்டருக்கு மணிக்கு 140 லிட்டர். 9,300 லிட்டர் இறங்க 66 மணி நேரத்துக்கு மேல ஆகும். அதாவது மழை நின்னு கிட்டத்தட்ட மூணு நாள். அதுக்குள்ள அடுத்த மழை வந்துடும். ஏற்கனவே ஊறின களிமண் இன்னும் மெதுவாதான் வாங்கும். நிலத்தடி நீர் மேல ஏறி நிக்கிற டிசம்பர்ல கேக்கவே வேண்டாம்.

இந்தக் கணக்கைப் போட எனக்கு பத்து நிமிஷம் ஆச்சு. 48,000 கொடுக்கறதுக்கு முன்னாடி அந்தப் பத்து நிமிஷத்தை நான் செலவழிக்கலை. கிளையன்ட் யாராவது இப்படி ஒரு செலவை என்கிட்ட கொண்டுவந்தா பத்து கேள்வி கேட்டிருப்பேன்.

ரெண்டாவது தடவை என்ன பண்ணினோம்

2023 ஏப்ரல்ல, மண் காய்ஞ்சு இருக்கும்போது, ஊர்ல முப்பது வருஷமா வேலை பார்க்கிற ஒரு மேஸ்திரியைக் கூப்பிட்டோம். அவர் புல்லைப் பார்க்கவே இல்லை. முதல்ல கேட்டது, "தண்ணி வெளிய போக வழி எங்க சார்?"

வழி இல்லை. எங்க தெரு ரோட்டை மேல மேல போட்டு உசத்தினதுல வீடு பள்ளத்துல கிடக்கு. சென்னையில பாதி பழைய வீடுகளோட நிலைமை இதுதான். அப்போ வாட்டம் கொடுத்தா மட்டும் தண்ணி தெருவுக்குப் போகாது. அவர் சொன்ன வரிசை இது:

1. மாடித் தண்ணியைப் பிரிக்கணும். ரெண்டு பைப்பையும் வடிகட்டித் தொட்டி வழியா பழைய கிணத்துல விட்டோம். 6,500 ரூபாய்.
2. ஆறு இஞ்ச் மண்ணை எடுத்து, ஒரு ஓரமா வாட்டம் வைக்கணும். நூறுக்கு ஒண்ணு கணக்கு. 25 அடிக்கு 3 இஞ்ச் இறக்கம். மண் வெட்டி அப்புறப்படுத்த 14,000.
3. களிமண் மேல ஜியோ டெக்ஸ்டைல் துணி. இது இல்லைன்னா ஜல்லி களிமண்ணுக்குள்ள அமுங்கிடும், களிமண் ஜல்லிக்குள்ள ஏறிடும். 5,000.
4. நாலு இஞ்ச் ஜல்லி, ரெண்டு யூனிட். 10,000.
5. பள்ளமான ஓரத்துல துளை போட்ட பிவிசி பைப். 7,000.
6. பைப் போய்ச் சேர ஒரு சின்ன உறைத் தொட்டி, அதுல தண்ணி ஏறினா தானா ஓடற பம்ப். பம்ப் தண்ணியைத் தெரு மழைநீர் வடிகாலுக்குத் தள்ளும். 16,000.
7. கொத்தனார், ஆள் கூலி 17,500.

மொத்தம் 76,000 ரூபாய்.

இதுல முதல் வரியைத் திரும்பப் படிங்க. வெறும் 6,500 ரூபாய்ல அந்த இடத்துக்கு வர்ற தண்ணியில சரிபாதி குறைஞ்சது. மொத்த வேலையில ரூபாய்க்கு அதிகப் பலன் கொடுத்தது அதுதான். தமிழ்நாட்டுல 2003-லயே எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆயிடுச்சு. இருபது வருஷமா எங்க வீட்டுல அது பேருக்கு ஒரு குழியா மட்டும்தான் இருந்துச்சு.

ரெண்டு எச்சரிக்கை. வெளியேற வழி வைக்காம களிமண்ணைத் தோண்டி ஜல்லி கொட்டினா, நீங்க கட்டினது வடிகால் இல்லை, தொட்டி. தண்ணி அதுக்குள்ள போய் உட்கார்ந்துக்கும். இன்னொண்ணு, இந்தத் தண்ணியைப் பாதாள சாக்கடையில மட்டும் விடாதீங்க. அது விதிப்படி தப்பு. மழை நேரத்துல சாக்கடைத் தண்ணி எதிர்த்து உங்க பாத்ரூமுக்குள்ளயோ பக்கத்து வீட்டுக்குள்ளயோதான் வரும்.

சிஏ பார்வையில ஒரு நிமிஷம்

வீட்டுச் செலவு எதுவா இருந்தாலும் மொத்த விலையைப் பார்க்காதீங்க, வருஷத்துக்கு எவ்வளவுன்னு பாருங்க. நம்ம ஊர் வெயிலுக்கு புல் விரிப்பு 7 வருஷம் தாங்கும்னு வைங்க. 48,000-ஐ 7-ஆல வகுத்தா வருஷத்துக்கு சுமாரா 6,850. வடிகால் 20 வருஷம் இருக்கும்னா, 76,000-க்கு வருஷத்துக்கு 3,800. நடுவுல ஒண்ணு ரெண்டு தடவை பம்ப் மாத்தினாலும் புல்லைவிடக் கம்மி. முதல் நாள் பில்லுல வடிகால்தான் காஸ்ட்லியா தெரியும். தேய்மானம் போட்டுப் பார்த்தா கதை தலைகீழ்.

இன்னொரு விஷயம், வரி. நிலத்தோட நிரந்தரமா சேர்ந்துடற வடிகால் மாதிரி வேலைகளை, பின்னாடி வீட்டை விக்கும்போது மூலதன ஆதாயக் கணக்குல மேம்பாட்டுச் செலவா காட்ட வழி இருக்கு. சுருட்டி எடுத்துட்டுப் போகக்கூடிய ஒரு விரிப்புக்கு அப்படிக் காட்டினா, அதிகாரி கேள்வி கேக்கிறதுக்கு வாய்ப்பு அதிகம். எதுவா இருந்தாலும் பில் இல்லாம, கையில காசா கொடுத்தா ஒண்ணும் பண்ண முடியாது. மேஸ்திரிக்கும் பேங்க் வழியா கொடுங்க, வேலை விவரத்தோட ரசீது வாங்கி வீட்டுப் பத்திரத்தோட சேர்த்து வைங்க. வீட்டை வாடகைக்கு விட்டிருக்கீங்கன்னா, வாடகை வருமானத்துல பராமரிப்புக்குன்னு 30 சதவீதம் நிலையான கழிவு கிடைக்குது. நீங்க நிஜமா எவ்வளவு செலவு பண்ணினாலும் அதே 30 சதவீதம்தான். அதனால "வரியில கழிச்சுக்கலாம்"னு யாராவது புல்லு வித்தா நம்பாதீங்க.

இஎம்ஐ-ல புல் போடலாமான்னும் கேட்டிருந்தீங்க. வேண்டாம். 7 வருஷத்துல கிழியற பொருளுக்குக் கடன் வாங்கறதே தப்பு. அதோட இது மாதிரி முடிவை நம்ம மழைக்காலத்துலதான் எடுப்போம், சேத்தைப் பார்த்த எரிச்சல்ல. அந்த நேரத்துல எடுக்கிற முடிவு அவசரக் குடுக்கை முடிவு. நவம்பர்ல போட்டோ எடுங்க, தண்ணி எங்க நிக்குது, எத்தனை நாள் நிக்குதுன்னு எழுதி வைங்க. டிசம்பர்ல ஆரம்பிச்சு மாசம் ஒரு தொகை ஆர்டி போடுங்க. ஏப்ரல், மே மாசத்துல மண் காய்ஞ்சு இருக்கும்போது வேலையை ஆரம்பிங்க.

செயற்கைப் புல் எப்பதான் சரி?

நியாயமா சொல்லணும்னா, அதுக்கும் இடம் இருக்கு. வெயிலே படாத, எந்தப் புல்லும் முளைக்காத சந்து. பால்கனி. அடியில வடிகால் ஏற்கனவே ஒழுங்கா இருக்கிற தரை. 2019 கோடையில ஏரிகள் வறண்டு, தண்ணி லாரிக்கு நாள்கணக்கா காத்துக்கிடந்தோமே, அப்ப நிஜப் புல்லுக்கு யாரால தண்ணி ஊத்த முடிஞ்சுது? அந்த வாதத்துல உண்மை இருக்கு, நான் மறுக்கலை.

ஆனா அதோட இன்னொரு பக்கத்தையும் பாருங்க. நேரடி வெயில்ல செயற்கைப் புல்லோட சூடு 60 டிகிரியைத் தாண்டும். மே மாசம் குழந்தை வெறுங்கால்ல நிக்க முடியாது. நிக்க வைக்கணும்னா தண்ணி தெளிச்சுதான் ஆகணும். அப்ப மிச்சமாச்சுன்னு நினைச்ச தண்ணி எங்க போச்சு?

டிசம்பர் வெச்ச பரீட்சை

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்துச்சு. மடிப்பாக்கம், பள்ளிக்கரணை, வேளச்சேரின்னு மொத்த ஏரியாவும் தண்ணியில நின்னுச்சு. தெருவே நிறைஞ்சு கிடக்கும்போது என் பம்ப் எங்க தள்ளும்? கரண்டும் இல்லை. எங்க பின்பக்கமும் முழுகுச்சு. ஊர் முழுக்க முழுகும்போது உங்க வீட்டு வடிகால் மட்டும் காப்பாத்தாது. அது வேற பிரச்சனை, அதுக்கு ஏரியும் சதுப்பு நிலமும் உயிரோட இருக்கணும்.

ஆனா தெருவுல தண்ணி வடிஞ்சு, கரண்ட் வந்த மறுநாள் எங்க பின்பக்கம் காலி. ஜல்லியை ஹோஸ் வெச்சு அலசி விட்டோம், முடிஞ்சது. பழைய 500 சதுர அடி புல் அங்க இருந்திருந்தா, சாக்கடை கலந்த வெள்ளத்துல ஊறி, அப்படியே சுருட்டிக் குப்பையில போட வேண்டியிருந்திருக்கும்.

அந்தப் புல்லுல 150 சதுர அடியை மட்டும் முன்னாடியே வெட்டி எடுத்து, முதல் மாடி சிட்-அவுட்ல விரிச்சிருந்தோம். பேத்தி அங்கதான் விளையாடறா. அந்தத் துண்டோட விலை 10,500-ஐக் கழிச்சா, 48,000-ல என் நஷ்டம் 37,500. அம்மாவோட வைத்தியச் செலவு 18,000. ஆக 55,500 ரூபாய், வரிசையை மாத்திப் பண்ணினதுக்கு நான் கட்டின அபராதம். அம்மாவுக்கு இப்பவும் மழைக்காலத்துல அந்தக் கை வலிக்கும். அதை எந்தக் கணக்குல எழுதறதுன்னு எனக்குத் தெரியலை.

நீங்க பண்ண வேண்டியது

காசு கொடுக்கறதுக்கு முன்னாடி, செலவே இல்லாத ரெண்டு சோதனை.

ஒண்ணு, ஒரு பிடி ஈர மண்ணை எடுத்து, கை முறுக்கு சுத்தற மாதிரி நீளமா உருட்டுங்க. உடையாம மெல்லிசா கயிறு மாதிரி வந்தா அது களிமண்.

ரெண்டு, ஒரு அடி ஆழத்துக்குக் குழி தோண்டி தண்ணி ஊத்துங்க. அது முழுசா இறங்கினதும் மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்துல எவ்வளவு இறங்குதுன்னு ஸ்கேல் வெச்சு அளங்க. மணிக்கு ஒரு இஞ்ச் இறங்கினா நல்ல மண். அரை இஞ்ச்சுக்குக் கீழன்னா முதல்ல வடிகால், அப்புறம்தான் மத்ததெல்லாம்.

புல் விக்கிறவர்கிட்ட கேட்க மூணு கேள்வி. கடைசியில தண்ணி எந்த இடத்துல வெளிய போகும்? வாட்டம் எவ்வளவு, அடியில என்ன, எத்தனை இஞ்ச், கொட்டேஷன்ல எழுதிக் கொடுப்பீங்களா? வாரண்டி கலர் மங்கறதுக்கு மட்டுமா, தண்ணி தேங்கினாலும் உண்டா? நான் வாங்கினதுல கலருக்கு மட்டும்தான் இருந்துச்சு. அதை நான் படிச்சது அம்மா விழுந்தப்புறம். முதல் கேள்விக்கு "மண்ணுக்குள்ள இறங்கிடும் சார்"னு பதில் வந்தா, நன்றி சொல்லி அனுப்பிடுங்க.

இப்ப எங்க பின்பக்கத்துல ஜல்லி மேல சொரசொரப்பான கல் பதிச்ச ஒரு நடைபாதை, கொடி வரைக்கும். ஓரத்துல அம்மா நாலு வாழை வெச்சிருக்காங்க. பச்சைன்னு சொல்லிக்க அவ்வளவுதான். போன மழையில அம்மா போன் பண்ணி, "துணி எடுத்துட்டேன்டா, கால்ல சேறு படலை"ன்னாங்க.

உங்க வீட்டுல தண்ணி எங்க நிக்குது, என்ன பண்ணீங்க, எவ்வளவு ஆச்சுன்னு கீழ எழுதுங்க. கொட்டேஷன் கையில இருந்தா அந்த நம்பரையும் போடுங்க. அடுத்த வீடியோவுல ரெண்டு மூணு எடுத்து வரி வரியா பார்ப்போம்.